நடுச்சுவர்ப் படம்

"எனக்க மொவளுக்க படம் எங்க சாரே?"

கலைக்கூடத்து அலுவலர் தாணுலிங்கம், தோவாளையிலிருந்து வந்த மாலையைக் கையில் ஏந்தியபடி வாசலில் நின்றார். கண்காட்சியைத் திறந்து வைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"உள்ளதான் இருக்கும்மா."

"உள்ளதான் இருக்கு. கக்கூசுக்குப் போற வழியில."

கேட்டுக்கொண்டு நின்ற செசிலி மீன் விற்கிறவள். கடற்கரையில் அவள் ஏலம் கேட்க ஆரம்பித்தால் மற்றவர்கள் தங்கள் விலையை மறந்துவிடுவார்கள், அப்படி ஒரு தொண்டை. மகள் லிஜா வரைந்திருந்ததும் அதைத்தான். மீன் சருவப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கி, வாயை முழுக்கத் திறந்து ஏலம் கேட்கிற அம்மா. மாவட்டப் போட்டியில் அதற்கு முதல் பரிசு.

முதல் பரிசுப் படத்தை நடுச்சுவரில் மாட்டுவது இங்கே வழக்கம். நேற்று சாயங்காலம் மாட்டியும் இருந்தார்கள். லிஜா அதைப் போனில் எடுத்து வந்தாள். செசிலி அந்தப் போனைக் கரை முழுக்கக் காட்டி, இன்றைக்கு வியாபாரத்தையும் விட்டுவிட்டு, நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வந்து பார்த்தால் நடுச்சுவரில் சுசீந்திரம் தெப்பக்குளம் தொங்குகிறது. படத்துச் செசிலியோ கழிவறைக்குப் போகிற இடைவழியில், தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இருக்கிறாள். யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"நேத்து நடுச்சுவர்ல இருந்தத யாரு எடுத்தது?"

"நான்தாம்மா. காலைல மாத்தினேன்."

"எதுக்கு?"

விருந்தினரின் உதவியாளர் முன்னாலேயே வந்து பக்கத்தில் நின்றிருந்தார். தாணுலிங்கம் அவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எங்க இருந்தாலும் படம்தானே. பெறவு பேசுவோம்."

"பெறவு என்னத்த பேச? மீன்காரி மூஞ்சி பெரிய மனுசன் கண்ணுல படப்பிடாது. அதானே?"

"அப்பிடி இல்லம்மா."

"வேற எப்பிடி? அடுத்த வாரம் இவளுக்கு மெட்ராசுல ஓவியக் காலேஜ் இன்டர்வியூ. வரஞ்ச படத்தக் கையோட கொண்டுவரச் சொல்லியிருக்கான். கூடவே, அது நடுச்சுவர்ல இருக்கது பேப்பர்ல வந்ததயும் காட்டினா சீட்டு கெடச்சிரும்னு இருந்தோம். பேப்பர்காரன் கக்கூசு வாசல்லயா வந்து போட்டோ எடுப்பான்?"

லிஜா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு."

கூட வந்த நேசம்மாள் அதற்குள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். "எக்கா, அந்தக் குளத்துப் படத்துக்கடியில பேரு பாத்தியா? தாணுலிங்கம்னு போட்டிருக்கு."

செசிலி தாணுலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒம்ம படமா? பரிசு வாங்கின பிள்ளைக்க படத்தத் தூக்கிக் கெடாசிட்டு, ஒம்ம படத்த மாட்டியிருக்கேரு. இது ஊருக்குப் பொதுவான கூடமா, ஒம்ம வீட்டு ஹாலா? வெக்கமா இல்லியா சாரே ஒமக்கு?"

நாலு பெண்களும் ஆளுக்கொரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள். தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவேளையாக விருந்தினரின் கார் வந்துவிட்டது.

விருந்தினர் ரிப்பன் வெட்டினார். விளக்கேற்றினார். கிராமத்துப் பிள்ளைகளின் திறமையை நாம்தான் வளர்க்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தவர், நடுச்சுவர் வந்ததும் நின்றார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்," என்று தாணுலிங்கம் குழைந்தார்.

"பிரமாதம். தண்ணி தண்ணி மாதிரியே இருக்கு."

அவ்வளவுதான். உதவியாளர் யாரையும் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். தாணுலிங்கம் சிரித்த முகமாக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தெப்பக்குளம் காரின் பின்சீட்டில் ஏறிப் போயே போய்விட்டது.

செசிலிக்கு இப்போது எல்லாமே விளங்கிவிட்டது. காக்கா பிடிக்கத்தான் இந்த மனுஷனுக்கு அந்தச் சுவர் வேண்டியிருந்திருக்கிறது. அதற்குப் பலியானது அவள் பிள்ளை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன சாரே, புரமோசன் கெடச்சிருமா?"

தாணுலிங்கம் இடைவழிக்குப் போய் லிஜாவின் படத்தைத் தூக்கி வந்தார். கண்ணாடியில் பட்டிருந்த தூசியைத் தன் வேட்டி நுனியால் துடைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு போயிரு மக்கா. இன்டர்வியூ முடிஞ்சதும் கொண்டா, நடுச்சுவர்லயே மாட்டுவோம்."

செசிலி விடுவதாக இல்லை. "ஒம்ம காரியம் முடிஞ்சாச்சு. அதான் இப்ப எடம் காலியாயிட்டு, இல்லியா?"

"போன வருசம் அங்க ஜெரிஷுன்னு ஒரு பையனுக்க படம் இருந்தது," என்றார் தாணுலிங்கம். குரலில் இப்போதுதான் கோபம் தெரிந்தது. "அதுக்கு முந்தின வருசம் பெமிலான்னு ஒரு பிள்ளைக்க படம். தெறந்து வைக்க வாறவனுக்கு நடுச்சுவர்ப் படம் கண்ணுல பட்டாப் போதும், கார்ல ஏத்திருவான். ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. அதுக்கும் முன்னால ஒரு தடவ வாயத் தெறந்து கேட்டேன். ரெண்டு வருசம் வெளியூருக்குத் தூக்கி அடிச்சானுவ."

அவர் ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அதான் இந்த வருசம் என்னோடது போகட்டும்னு மாட்டினேன்."