சிவப்புக்குக் கீழே மஞ்சள்

அமெரிக்காவின் ஐடஹோவில் காலை வெயில் கராஜ் வாசலோடு நின்றுவிடுகிறது. துப்பாக்கிக்கென்று வார்த்த ஈயக் குண்டுகளுக்கு மசகு ஏற்றி அளவாக்கும் பழைய கைப்பிரஸுக்கு லோர்னா தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாள். இறுகிக் கிடந்த சிவப்பு மசகு இளகி, குச்சியில் சுருள் சுருளாக வருகிறது. பிரஸை விலைக்குக் கேட்டவன் வரப்போகிறான். அவள் கணவன் வெர்ல் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடிக்கிறான். சிவப்புக்குக் கீழே மஞ்சள் தலைகாட்டுகிறது. தேன்மெழுகு. அதற்குள் பொடிப்பொடியாய் லாவெண்டர் பூ. மகள் கல்யாணத்து மெழுகுவத்திக்கென்று அவளே பூப்போட்டுக் காய்ச்சி வைத்து, காணாமல்போன மெழுகு. குச்சி நிற்கிறது, உலர்த்தி மட்டும் இரைகிறது.

“இது என் மெழுகு, வெர்ல்.”

“இருக்கும். அன்னிக்கு மசகு தீந்துபோச்சு, கைக்குக் கிடைச்சத உருக்கி ஊத்தினேன். அதுக்கென்ன இப்ப?”

“இதுக்காகத்தான் என் தங்கச்சி நாடீனத் திருடின்னு சொல்லி வாசலோட துரத்தினேன். அவ சாவுக்குக்கூட நான் போகல. நீ பக்கத்துலதானே நின்னுட்டிருந்த?”

வெர்ல் காப்பியை ஊதி ஒரு வாய் குடிக்கிறான்.

“திருடின்னு நானா சொன்னேன்? நீதானே சொன்ன. அந்த மூலையையும் வழிச்சிடு, ஆளு வர்ற நேரம்.”