பதினோராவது முகம்

ஏசி மெக்கானிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"அட, பதினொண்ணு!"

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தோளிலிருந்த ஏணியைச் சுவரோரம் சாய்த்தான்.

"பதினோரு ஏசியா? ஒண்ணுன்னுதானே சொன்னாங்க?"

பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

அவள் உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. ஆட்களை ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, முன்பின் தெரியாத முகங்களைக் காட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் திரையில் ஒரு சொல் மின்னி மறையும். கண்ணுக்குத் தட்டுப்படாத வேகம். சில முகங்களுக்கு எப்போதும் நல்ல சொல், சிலவற்றுக்கு எப்போதும் கெட்ட சொல். சொல்லைப் பார்த்ததே தெரியாமல் மனசு ஒருவனை விரும்பத் தொடங்கிவிடும், இன்னொருவனைக் கண்டால் முகம் சுளிக்கும். இதை நிரூபித்துவிட்டால் அவளுக்குப் பட்டம்.

எந்த முகத்துக்கு எந்தச் சொல் என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்தால் வருகிறவர்களிடம் அவள் முழியே காட்டிக்கொடுத்துவிடும் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புரோகிராம் எழுதியது அவளுடைய அக்கா. ரகசியம் அக்காவிடம் பத்திரமாக இருந்தது.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா, நடுவில் படுத்துக்கொள்கிறதா என்று சோதிக்கிற சாக்கில் அந்த முகங்களை யாரையும்விட அதிகமாகப் பார்த்தவள் அவள்தான். பார்த்துப் பார்த்து, பதினோராவது முகம் நெஞ்சுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பார்த்துப் பழகிய தோஷம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. மற்ற முகங்களையும் அதே அளவுதான் பார்த்தாள். நான்காவது முகம் எதிரே வந்தால் 'கொஞ்சம் ஓரமா போங்க' என்றுதான் சொல்லத் தோன்றும்.

நம் அக்கா ஊட்டிவிட்ட மயக்கம் இது, அழகு அன்பு என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது என்று தன்னைத்தானே கேலி செய்து சமாளித்து வந்தாள். போகட்டும், படத்தில் இருக்கிறவனால் என்ன ஆகிவிடப் போகிறது?

இப்போது படத்தில் இருந்தவன் ஏணியில் ஏறி நின்று, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். நெஞ்சு, சம்மணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முகம் வரைக்கும் மட்டும் சொன்னாள்.

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. படிக்கிற காலத்தில் யாரோ காலேஜுக்கு வந்து படம் எடுத்தார்களாம். சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது, மரம் மாதிரி நில்லு என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

அவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு பல் லேசாகக் கோணல். இத்தனை நாளும் அந்தப் பல்லை ஒளித்துவைத்திருந்த ஆராய்ச்சியின் மேல் அவளுக்குக் கோபமே வந்தது. கால் தரையில் பாவவில்லை.

ஏசி சொட்டுவதை நிறுத்தியது. அவன் ஏணியை மடக்கினான். மேஜையில் விழுந்திருந்த தண்ணீரைத் தன் துணியாலேயே துடைத்தான். பிறகு, போகிறவன் போகாமல் நின்றான்.

"கீழே கேன்டீன்ல ஒரு டீ குடிக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வர்றீங்களா?"

வெறும் டீதான். ஆனால் வருகிறேன் என்று சொல்லத் துடிப்பது யார்? அவளா, அக்காவின் புரோகிராமா? ஊரார் மனசு எப்படித் திரும்புகிறது என்று ஆராய்கிறவள், தன் மனசை யார் திருப்பினார்கள் என்று தெரியாமல் ஒருவன் எதிரில் போய் உட்காரலாமா? நல்ல சொல்தான் காரணம் என்றால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டியதுதான். அழுகை வந்தாலும் சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஒரே நிமிஷம்" என்று வராந்தாவுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள்.

கேட்டால் எல்லாம் போச்சு. இனி வருகிற ஆட்களோடு அவள் அந்த அறையில் உட்கார முடியாது. பேராசிரியை தோலை உரித்துவிடுவார். தெரிந்தேதான் கேட்டாள்.

"அடிப்பாவி! முடியற வரைக்கும் கேக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே?"

"சொல்லுக்கா. பதினொண்ணு மட்டும்."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வாந்தி" என்றாள் அக்கா.

"என்னது?"

"வாந்தி. சாக்கடை. பொய். உன் பதினொண்ணுக்கு எல்லாமே கெட்டதுதான்டி. உக்காந்து தேடித் தேடிப் போட்டிருக்கேன்."

வராந்தாவில் எதிரே வந்த லைப்ரேரியன், இந்தப் பெண் எதற்கு இப்படிக் குதிக்கிறது என்று சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

அவள் மூச்சு வாங்க, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னொரு தடவை படியேன். ஒண்ணு விடாம."

அக்கா நிறுத்தி நிதானமாகப் படித்தாள். மூட்டைப்பூச்சி என்ற சொல் இவ்வளவு இனிமையானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.