டஸ்டர் யார் கையில்?

"உங்கள அனுப்பறதுல எனக்கொண்ணும் சந்தோஷம் இல்ல சார். ஆனா பாடம் நடத்த ஆள் எடுத்தா, நீங்க பசங்கள நடத்த விட்டுட்டு கடைசி பெஞ்ச்ல உக்காந்துக்கறீங்க. கம்ப்ளெயிண்ட் வராம என்ன பண்ணும்?"

முதல்வர் ராஜமாணிக்கம் பேசிக்கொண்டே மேசை மேல் கிடந்த சாக்பீஸ் தூளைக் கைக்குட்டையால் துடைத்தார். எதிரே நின்ற சுதீர் அந்தக் கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர். இன்றோடு அந்தத் தற்காலிகமும் முடிகிறது.

"இந்த முறையில ஸ்டூடண்ட்தான் மையம் சார். நாம இல்ல."

"அதுக்குன்னு சேரெல்லாம் வட்டமா போடுவீங்களா? ஸ்டாஃப் ரூம்ல கிரிவலம் கிளாஸ்னு சிரிக்கறாங்க. சுத்தறதுக்குத்தான் ஊர்ல மலை இருக்கே சார். நடுவுல என்னதான் வெச்சிருக்காருன்னு தாளாளர் கேக்கறாரு."

"ஒரு டஸ்டர் சார். அது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசலாம். கீழ வைக்கற வரைக்கும் நான்கூட குறுக்க பேசக் கூடாது."

ராஜமாணிக்கம் துடைப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடி துடைத்தார்.

"செமஸ்டர் முடியற வரைக்கும் விடுங்க சார்," என்றான் சுதீர். "எல்லாரும் பேசிட்டாங்க. முதல்ல வாயே திறக்காத பையன் விமல்ராஜ், அவன் பேச்ச நிறுத்தறதுக்குத்தான் இப்ப தனியா ஒரு முறை வேணும். ஒருத்திதான் பாக்கி. கீழ்பென்னாத்தூர் பஸ்ல வருமே, கீர்த்தனா. டஸ்டர் கைக்கு வந்தா சுட்ட மாதிரி பக்கத்துல தள்ளிடும். அட்டெண்டன்ஸுக்கே கையத்தான் தூக்கும். அது வாயத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் பேசட்டும், நானே போயிடறேன்."

"லேட் சார். முடிவு பண்ணியாச்சு."

ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. எல்லோரையும் போல நோட்ஸ் சொல்லி எழுத வைத்திருக்கலாம் என்று சுதீர் நினைத்துக்கொண்டான். வேலையும் இருந்திருக்கும், அந்தப் பெண்ணும் நிம்மதியாக இருந்திருப்பாள்.

கதவருகே போனவன் திரும்பினான். "எத்தன பேரு சார் கம்ப்ளெயிண்ட் பண்ணாங்க?"

"ஒரே ஒரு பொண்ணு. தனியா வந்துச்சு. அரை மணி நேரம் பேசிச்சு சார்! இந்த ரூம்ல ஒரு ஸ்டூடண்ட் அப்படிப் பேசி நான் பாத்ததில்ல. கோர்வையா, காரணம் சொல்லி, உதாரணம் சொல்லி. தாளாளர் நடுவுல ஏதோ சொல்ல வந்தாரு. 'நான் முடிச்சுக்கறேன் சார், அப்புறம் நீங்க பேசுங்க'ன்னுடுச்சு. மனுஷன் வாய மூடிட்டாரு. இதுக்கு இவ்ளோ தைரியம் குடுத்த வாத்தியார் யாருன்னு எங்கிட்ட விசாரிக்கறாரு."

"யார் சார் அந்தப் பொண்ணு?"

ராஜமாணிக்கம் மேசை டிராயரைத் திறந்து ஒரு டஸ்டரை எடுத்து வைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி தூள் விழுந்தது.

"கீழ்பென்னாத்தூராம். பேசி முடிக்கற வரைக்கும் இதக் கீழ வைக்கவே இல்ல. நீங்க கிளாஸ்ல பேசச் சொல்லித் தொல்லை பண்றீங்களாம் சார். தனக்குப் பேசவே வராதாம்."