ஒரே அடி, ஒரே கோல்

"இறுதி ஆட்டத்துல கருணாகரன் வேணாம். நேத்து ஆட்டம் பூரா அடிச்சான், ஒண்ணும் போகல. கய்யூம் அடிச்சது ஒரே அடி, கோல்."

காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டில், சுதந்திர தின மெர்டேக்கா கிண்ணத்துக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்த கல்லூரி ஹாக்கிப் பயிற்சியாளர் கலியாணசுந்தரம் முடிவாகச் சொன்னார்.

வெந்நீர் வாளியில் காலை விட்டிருந்த மைத்துனன் சுப்பையனுக்கு மனசு கேட்கவில்லை.

"அவன நிறுத்திடாதீங்க, அத்தான்."

"நீ அப்படித்தான் சொல்லுவ. அவன் ஆடினா உனக்கு நல்லதாச்சே."

சுப்பையன் காலைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது.

"அவன் அடிச்சதெல்லாம் இதுலதான் விழுந்துச்சு. கய்யூம் அடிச்சப்ப பந்து நல்லாத் தெரிஞ்சுச்சு. கால்தான் நகரல."

நேற்றைய லீக் ஆட்டத்தில் எதிரணியின் கோலைக் காத்தவன் சுப்பையன். இறுதி ஆட்டத்திலும் அதே அணிதான் எதிரே; கோலில் அவன்தான் நிற்க வேண்டும்.

"அவன் வரலன்னா எனக்குத்தான் நிம்மதி" என்றபடி காலை மறுபடி வெந்நீரில் விட்டான்.