கண்ணாடி ஏற்றிய லாரி

விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே வேண்டாம், லாரி மலையிறங்கி முடிக்கட்டும்.

ஆயிரம் மைல் ஓடிவந்த அந்த லாரியின் முதுகில் முந்நூறு நிலைக்கண்ணாடிகள். ஒன்றில்கூட இதுவரை கீறல் விழவில்லை. மலை உச்சிக் கோயிலில் சூடம் ஏற்ற, இஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போனார் டிரைவர் வீரணன். அந்த நேரம் பார்த்து ஒரு மைனா கேபினுக்குள் நுழைந்தது. ஹாரன் முதல் வீரணனின் இருமல் வரைக்கும் அதற்கு எல்லாக் குரலும் அத்துப்படி.

"கிளம்பு ராசா," என்றது வீரணனின் குரல்.

அந்தக் குரலை நம்பி லாரி பனிமூட்டத்துக்குள் இறங்கியது.

"அண்ணே, வளைவு வருது. பிரேக்கை மிதி!" என்றது லாரி.

"மிதிச்சாச்சுடா ராசா." கூடவே அதே இருமல்.

வேகம் குறையவில்லை. முதுகில் கண்ணாடிகள் கிணுகிணுவென்று முனக ஆரம்பித்தன.

"அண்ணே, கண்ணாடிங்க பயப்படுது."

"நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் கடகடவென்று சிரித்தது.

வீரணன் சிரித்தால் சீட்டே குலுங்கும். இப்போது குலுங்கவில்லை. சீட்டில் கனமே இல்லை என்பது லாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டீரிங்கைப் பற்றியிருந்ததும் கை இல்லை. குண்டூசி போலச் சின்னச் சின்ன நகங்கள்.