இமைப்பதற்குள் திறக்கும் பட்டியல்

கண் இமைக்கும் நேரத்துக்குள் திறக்காத பக்கத்தை இணையமே தூக்கி எறிந்துவிடும் காலம் அது. பக்கங்களின் கனத்தைக் குறைப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. புயலிலிருந்து மீண்ட மீனவர்களின் பட்டியலிலும் அவள்தான் கைவைத்திருந்தாள். முதலில் படங்களை எடுத்தாள், பிறகு தகப்பன் பெயரை, கடைசியில் பட்டப்பெயரையும். பேரும் ஊரும் போதாதா என்று அப்போது தோன்றியது.

புயல் அடித்த மூன்றாம் நாள் காலை, அம்மா வீட்டில் நூலிழையாக வந்த சிக்னலிலும் பட்டியல் சட்டென்று திறந்தது. அவர்கள் ஊருக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருந்தது: அந்தோணி.

"ஒங்கண்ணன் பொழச்சிட்டான் மக்ளே!" அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மாதா நம்மள கைவிடல்ல."

கடலுக்குப் போனவர்களில் அந்தோணிகள் நான்கு பேர். கட்டை அந்தோணி, பூனைக்கண் அந்தோணி என்று பட்டப்பெயரை வைத்துத்தான் ஊரே அவர்களைப் பிரித்தறியும். அண்ணன், சுருட்டை அந்தோணி.

அதற்குள் கட்டை அந்தோணியின் மனைவி புளோரா, கையில் போனோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மாமி, எங்க வீட்டுக்காரரு பொழச்சிட்டாரு! பேரு வந்திருக்கு, பாருங்க!"

ஜெசிந்தாவைச் சுற்றியிருந்த அம்மாவின் கைகள் மெல்லத் தளர்ந்தன.

ஜெசிந்தா பட்டியலை மறுபடியும் திறந்தாள். இமைப்பதற்குள் திறந்தது. அதே ஒரு பெயர்.