இடப்பக்கம் சாய்ந்த படம்

"என் கழுத்து கோணலா, உன் கேமரா கோணலா அக்கா?" என்றான் தம்பி.

"ரெண்டும் நேராத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான் கோணல். பேசாம தைடா."

இருவரும் இரட்டையர். சில நிமிடம் முந்திக்கொண்டதால் அவள் அக்கா. நுண்துளை அறுவை சிகிச்சையை ஒன்றாகவே பழகினார்கள். மூடிய பெட்டிக்குள் ரப்பர் வயிறு இருக்கும். அவள் கேமராவைப் பிடிக்க, அவன் திரையைப் பார்த்துக்கொண்டே நீளக் கருவிகளால் தைப்பான். அவள் பிடித்தால் படம் எப்போதும் இடப்பக்கம் சாயும்; அவனும் கழுத்தைச் சாய்த்தே பார்ப்பான்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் லாரி மோதி அவள் இறந்துபோனாள்.

தேர்வு நாளில், அவளுக்குப் பதிலாக ஒரு இரும்புத் தாங்கி நின்றது. பயிற்சியாளர் கேமராவை அதில் நேராக வைத்துத் திருகை இறுக்கினார். "இனி இது அசையாது. பதறாமப் போடுப்பா. தவறினா ஒரு வருஷம் வீணாயிடும்," என்றவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பாதித் தையலில் ஊசி நழுவித் திரைக்கு வெளியே விழுந்தது.

"அக்கா, கீழ," என்றான், பழக்கத்தில்.

படம் மெல்லக் கீழே இறங்கி ஊசியைக் காட்டியது. அவன் எடுத்துத் தைத்து முடிச்சுப் போட்டான்.

"தேறிட்ட," என்றார் பயிற்சியாளர். "ஆனா ஏன்பா கழுத்தச் சாய்ச்சுக்கிட்டே நின்ன?"

"பழகிடுச்சு சார்."

அவர் போனபின் திருகைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. திரையில் படம் இன்னும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.